கேட்பதற்கு ஒரு திண்ணை

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இராமானுஜன் வாழ்ந்த வீட்டைக் காணச் செல்வோர், அவர் பலகையில் கணக்கிட்ட திண்ணையைக் கண்டு வியந்து திரும்புவர். 1905ஆம் ஆண்டில் அவர் அவ்வீட்டை விட்டு ஓடிப்போனதை நினைப்போர் சிலரே. அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் பின்தங்கினார், உதவித்தொகை பறிபோயிற்று. பதினேழு வயதுப் பிள்ளை எவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட, 'தி இந்து' நாளேட்டில் காணவில்லை என்று செய்தி வந்தது. மேதையின் வரலாற்றில் இது ஒரு வரி. மேதையல்லாத பிள்ளைகளுக்கு இதுவே முழு வரலாறாகிவிடக்கூடும் என்பதுதான் நம் கவலை.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதி வாய்ந்த ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிகள் வகுத்தது. வரவேற்கிறோம். ஆயினும், 'மனநல ஆலோசனை' என்று பலகை மாட்டிய அறைக்குள் பாபநாசத்திலிருந்து நகரப் பேருந்தில் வரும் மாணவி நுழைவாளா? அதே பேருந்தில் வரும் பத்துப் பேர் பார்த்திருக்க, மாலைக்குள் ஊர் பேசிவிடும். (நம் ஊர்களின் செய்திப் போக்குவரத்து, பேருந்தினும் விரைவானது.)

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006இல் மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய முயற்சி இங்கே நினைவுக்கு வருகிறது. மருத்துவமனை வளாகத்தில் மரத்தடியில் ஒரு மர இருக்கை. பயிற்சி பெற்ற பாட்டிமார் அதில் அமர்ந்து வருவோர் பேசுவதைக் கேட்பர். முதலில் மனநலம் என்ற சொல்லைப் பெயரில் வைத்தபோது மக்கள் அமரத் தயங்கினர். பாட்டிமார் சொன்னபடி 'நட்பு இருக்கை' என்றாக்கிய பின்னரே வந்தனர். அப்படிப் பேசியவர்களிடம் ஆறு மாதங்களுக்குப் பின் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்திருந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வளவு தொலைவு போவானேன்? சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய 'சினேகா'வில் செவிகொடுப்போரும் தன்னார்வலரே.

2018 நவம்பரில் கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. புதுக்கன்று காய்ப்புக்கு வர ஆண்டுகள் ஆகும். தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளோ அடுத்த வாரம். அத்தகைய வீட்டுப் பிள்ளையின் மௌனத்துக்கு உடனே ஒரு நோயின் பெயர் தேடவேண்டியதில்லை. முன்பதிவின்றி வந்து அமரவும், பேச்சைக் கிரிக்கெட்டில் தொடங்கி அரியரில் முடிக்கவும், ஒன்றும் பேசாமல் எழுந்து போகவும் இடம் இருந்தால் பாதிச் சுமை இறங்கும் என்பது நம் எண்ணம்.

அரைகுறை அறிவோடு கேட்பது ஆபத்தல்லவா என்று கேட்பவர் உண்டு. நியாயமான அச்சமே. அறிவுரை சொல்லாதிருக்கவும், கேட்டதை வெளியே சொல்லாதிருக்கவும், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் அந்நொடியே தக்கவரிடம் சேர்க்கவும் கேட்போருக்குப் பயிற்சி வேண்டும். 2022 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண் அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். ஆலோசகருக்கு மாற்றாக நாம் இதைக் கேட்கவில்லை; அவரிடம் சென்று சேரும் வழியாகவே கேட்கிறோம்.

வருகைப்பதிவைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் மட்டும் அங்கே கேட்பவராக அமரலாகாது. தம்மைத் தேர்வில் தேறவைப்பவரிடம் எந்த மாணவர் மனம் திறப்பார்?

கட்டடம் வேண்டாம், தஞ்சைக் கல்லூரிகளில் வேப்பமரத்துக்குப் பஞ்சமில்லை. நேரம் மட்டும் மதிய உணவு இடைவேளையாக இருக்கட்டும். மாலை என்று வைத்தால், ஊருக்குப் போகும் பேருந்தைத் தவறவிட முடியாதவர்கள் வரவே மாட்டார்கள்.