நாய் தின்ற நஞ்சும் பிள்ளை குடித்த பாலும்

"கூலிக்கும் பஞ்சப்படிக்கும் போராடுகிறவர்களிடம் நாய்ச் சோற்றைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். சீமான் வீட்டு நாய் எதைத் தின்றால் நமக்கென்ன என்று சிரிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். 2007ல் நாய்க்கும் பூனைக்கும் போட்ட உணவில் இருந்த அதே நஞ்சு 2008ல் கைக்குழந்தையின் பால் புட்டியில் இருந்தது. "செத்தது நாய்தானே" என்ற அலட்சியத்துக்கு உலகம் கொடுத்த விலை என்ன என்பதை உழைக்கும் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வயிற்றின் சட்டம்

நாய்க்கும் பூனைக்கும் ஒரே மாதிரி வயிறு இல்லை. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த நாய், சோற்றையும் ரொட்டியையும் செரிக்கப் பழகிவிட்டது. பூனையோ இறைச்சி தின்றே பிழைக்க வேண்டிய பிராணி. கீரையிலும் காரட்டிலும் உள்ள சத்தை நம் உடம்பு வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக் கொள்கிறது; பூனையின் உடம்பால் அது முடியாது. டாரின் என்ற சத்தையும் அது போதிய அளவு தானே உண்டாக்கிக் கொள்ளாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் பெற வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை கெடும். இதயம் பெருத்துத் தளரும்.

அமெரிக்காவில் கடை உணவையே தின்று வளர்ந்த பூனைகள் இதய நோயால் செத்துக் கொண்டிருந்தன. காரணம் டாரின் பற்றாக்குறை என்பதை 1987ல் கலிபோர்னியாவில் டேவிஸ் நகரக் கால்நடை மருத்துவர்கள் நிரூபித்தார்கள். அதன் பிறகுதான் கம்பெனிகள் டாரினைக் கூட்டிப் போட்டன. நம் குடிசையைச் சுற்றி எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு இந்தக் குறை வருவதில்லை; எலியின் சதையில் டாரின் இருக்கிறது. டப்பாவில் அடைத்து, படம் போட்டு, விலை வைத்து விற்றார்களே, அதில்தான் போதவில்லை!

டப்பா உணவு தின்னும் பிராணிக்கு வேறு தீனி கிடையாது. இன்றும் அதே, நாளையும் அதே. வாய் திறந்து குறை சொல்லவும் அதற்குத் தெரியாது. டப்பாவில் ஒட்டிய சீட்டு பொய் சொன்னால் அதன் உயிர் போகும்.

தராசை ஏமாற்றும் வித்தை

சத்துக்களில் விலை அதிகமானது புரதம். விலை அதிகமான இடத்தில் கலப்படக்காரன் காத்திருப்பான். பருத்திப் பொதியில் தண்ணீர் தெளித்து எடை கூட்டுவதை ஆலைத் தோழர்கள் அறிவார்கள். நெல்லோடு பதரையும் கல்லையும் கலப்பதை வயல் தோழர்கள் அறிவார்கள். இங்கேயும் அதே வித்தைதான். தராசு மட்டும் வேறு.

சாதாரணச் சோதனையில் புரதத்தை நேராக அளப்பதில்லை. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 ஆல் பெருக்கி, இவ்வளவு புரதம் என்று எழுதுகிறார்கள். 1883ல் டென்மார்க்கில் ஒரு பீர் ஆலையின் சோதனைச் சாலையில் கெல்டால் என்ற ரசாயன அறிஞர் கண்ட முறை இது. நாணயமான சரக்குக்கு இது நல்ல தராசுதான். ஆனால் நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று இது சொல்லாது.

பளபளக்கும் பிளாஸ்டிக் தட்டு செய்ய உதவும் மெலமைன் என்ற பொருளில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அதில் ஒரு கிலோ கலந்தால், கணக்கில் நாலு கிலோ புரதம் ஏறும்! உடம்பில் ஒரு குன்றிமணி சத்துகூடச் சேராது.

2006 நவம்பர் முதல் 2007 பிப்ரவரி வரை, சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் 'கோதுமைப் புரதம்' என்ற பெயரில் 800 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு கப்பலேறியது. டப்பா உணவின் குழம்பைக் கெட்டியாக்க இது உதவும், இறைச்சியைவிட மலிவு. பின்னால் சோதித்துப் பார்த்தால், அது வெறும் கோதுமை மாவு! புரதம் போலக் காட்ட மெலமைன். அதோடு சயனூரிக் அமிலம். இந்த இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் படிகமாக உறைந்து வழியை அடைத்துவிடும். பூனைகளும் நாய்களும் தீனியை வெறுத்து, வாந்தி எடுத்து, சுருண்டு விழுந்து செத்தன.

ஒரே ஆலை, நூறு முத்திரை

இந்த மாவை வாங்கி உணவு செய்தவற்றில் ஒன்று கனடாவின் மெனு ஃபுட்ஸ் கம்பெனி. 2007 மார்ச் 16ல் அது 6 கோடிக்கு மேற்பட்ட டப்பாக்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஏறக்குறைய நூறு முத்திரைகள்! மலிவுக் கடைச் சரக்கும் உண்டு. உயர்ந்த விலைச் சரக்கும் உண்டு. ஒரே தறியில் நெய்த துணிக்கு நூறு பெயர் சூட்டி நூறு விலைக்கு விற்ற கதைதான். "காசு கூடக் கொடுத்தால் நல்ல சரக்கு" என்ற பிரசாரம் அன்றோடு சந்தி சிரித்தது.

அறிவிப்பு எப்போது வந்தது என்று பாருங்கள். முதல் புகார் கம்பெனிக்கு வந்தது பிப்ரவரி 20ல். மார்ச் தொடக்கத்தில் கம்பெனியே தன் சோதனைக்காகத் தீனி போட்ட பிராணிகள் செத்தன. இருந்தும் 24 நாள் கழித்துத்தான் ஊருக்குச் சொன்னார்கள். அந்த 24 நாளும் கடைகளில் விற்பனை நடந்தது.

செத்தவை எத்தனை? உரிமையாளர்கள் தெரிவித்தவை ஆயிரக்கணக்கில். சர்க்கார் அப்போது உறுதி செய்ததோ விரல் விட்டு எண்ணும் அளவு. மனிதருக்கு வரும் நோயைக் கணக்கெடுக்க அங்கே நிலையம் உண்டு; வீட்டுப் பிராணிகளுக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. எண்ணப்படாத சாவுக்கு யார் பதில் சொல்வது?

தண்டனை என்ன? மாவை இறக்குமதி செய்த கெம்நியூட்ரா கம்பெனிக்கு 2010ல் 25 ஆயிரம் டாலர் அபராதம். அதன் உரிமையாளர்களுக்கும் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும். ஒருவரும் ஒரு நாள்கூடச் சிறைத் தண்டனை பெறவில்லை.

"நாங்களும் ஏமாந்தோம்" என்றார்கள் கம்பெனிக்காரர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று கப்பல் கப்பலாக வாங்கியவர்கள், உள்ளே இருப்பது என்ன என்று பார்த்தார்களா? பார்க்காமல் இருந்ததில் மிச்சமான பணம் யார் பையில் விழுந்தது?

இன்னொன்றும் உண்டு. இதே சரக்கு கலந்த பிராணி உணவின் கழிவு, பன்றிப் பண்ணைகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் தீவனமாகப் போயிற்று. அந்த இறைச்சியை மனிதர் தின்றார்கள். "ஆபத்து மிகக் குறைவு" என்றார்கள் அதிகாரிகள். நஞ்சின் அளவு குறைவாக இருந்ததால் மக்கள் தப்பினார்கள். காவல் பலமாக இருந்ததால் அல்ல.

அடுத்த ஆண்டு

2008 செப்டம்பரில் சீனாவின் சான்லு கம்பெனியின் பால் பொடி பற்றிய உண்மை வெடித்தது. பாலில் தண்ணீர் ஊற்றினால் புரதக் கணக்கு இறங்கும். இறங்கியதை ஏற்ற அதே மெலமைன்! ஏமாற்றப்பட்டதும் அதே நைட்ரஜன் சோதனை! 6 குழந்தைகள் செத்தன. சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. சோதித்தபோது 22 கம்பெனிகளின் பால் பொடியில் மெலமைன் இருந்தது. சான்லுவின் பொடி விலை மலிவு. அதை நம்பி வாங்கியவர்களில் பெரும்பாலோர் கிராமத்து எளிய குடும்பங்கள். அந்தக் கம்பெனியில் 43 சதவீதப் பங்கு நியூசிலாந்தின் ஃபான்டெர்ரா கம்பெனிக்கு.

சீனாவில் 2009ல் இருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கம்பெனித் தலைவிக்கு ஆயுள் சிறை. செத்த பிள்ளை திரும்பி வந்ததா? அமெரிக்கக் கம்பெனி செய்தாலும் சீனக் கம்பெனி செய்தாலும் குற்றம் குற்றமே. எந்தக் கொடி பறக்கும் மண்ணில் கலந்தாலும் நஞ்சு நஞ்சே.

முந்திய ஆண்டிலேயே செத்த பூனையின் சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர்கள் படிகத்தைக் கண்டார்கள். பொருளின் பெயர் தெரிந்தது, வித்தை தெரிந்தது, எந்தச் சோதனையை அது ஏமாற்றுகிறது என்பதும் தெரிந்தது. "புரதம் என்று விற்கும் எல்லாப் பொருளிலும் மெலமைனைத் தேடு" என்று அன்றே ஒவ்வொரு நாட்டுச் சர்க்காரும் உத்தரவிட்டு, அதை நடத்தியும் காட்டியிருந்தால், எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கலாம்!

நாம் கேட்பது

அமெரிக்காவில் 2007லும் 2011லும் புதிய சட்டங்கள் வந்தன. சாவுக்குப் பின்னால்தான் வந்தன. சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. அதை நடத்த இன்ஸ்பெக்டர் வேண்டும், சோதனைச் சாலை வேண்டும். ஆகவே எந்த நாட்டிலும் கேட்க வேண்டியவை இவை:

புரதம் என்று விற்றால், நைட்ரஜனை மட்டும் அளந்து விட்டுவிடாதே; கலப்படத்தையும் தேடு!

முத்திரை யாருடையதானாலும், செய்த ஆலையின் பெயரைச் சீட்டில் போடு!

பிராணிகளின் நோயையும் சாவையும் பதிவு செய்; அதை மக்களுக்குச் சொல்!

புகார் வந்த அன்றே விற்பனையை நிறுத்து. மறைத்தவனைச் சிறைக்கு அனுப்பு!

தோழர்களே! மாட்டுக் கொட்டகையில் வந்த நோயை "மாட்டுக்குத்தானே" என்று எந்த விவசாயத் தொழிலாளியும் விடுவதில்லை. அந்த அறிவு நம்மிடம் இருக்கிறது. நாயின் தட்டில் நஞ்சு விழுந்த அன்றே கேட்கத் தொடங்குவோம். பிள்ளையின் புட்டிக்கு அது வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம்.