பெயிண்ட் அடித்தால் வீடாகிவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் வந்தான். பெயர் வேண்டாம், படித்தால் அவனுக்கே தெரியும். வேலை முடிந்த ஒரு கட்டுமான இடத்தில் கழித்துப்போட்ட போர்ட்டா கேபின்கள் ஆறை மொத்தமாக வாங்கியிருக்கிறான். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இறக்கி, பெயிண்ட் அடித்து, ஒடிசா, பீகார் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விடப்போகிறானாம். கேபினுக்கு எட்டுப் பேர். "நீங்கதான் சார் வந்து விளக்கேத்தணும்" என்றான்.

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நம் உறவிலும் இரண்டு பேர் இதே யோசனையில் இருப்பதால் காரணத்தை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பழைய கேபின் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மூன்று வருடம் முன்பு ட்யூஷனுக்காக நானே ஒன்று வாங்கிக் கொல்லையில் போட்டேன். 20க்கு 10 அடி. வெளியே புதுசு மாதிரி இருந்தது. உள்பக்கப் பலகையைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. வெயிலைத் தடுக்க வைத்திருந்த கிளாஸ் ஊல் ஈரத்தில் கீழே சரிந்து, சுவரின் மேல்பாதி வெறும் தகரமாக இருந்தது. தரைப் பிளைவுட் ஊறிப்போயிருந்தது. அடியிலிருந்த இரும்புச் சட்டம் துருப்பிடித்து, தட்டினால் உதிர்ந்தது. வயரை எலி கடித்திருந்தது. வாங்கிய விலையில் முக்கால் பங்கு ரிப்பேருக்கே போயிற்று. பெயிண்ட் மட்டும் அடித்திருந்தால் இது எதுவுமே என் கண்ணில் பட்டிருக்காது.

தம்பி, உனக்குப் பத்தாம் வகுப்பில் மின்சாரம் நடத்தியவன் நான். முழு உடம்பும் இரும்பான அறையில் ஒரு வயர் உரசினால் சுவர், கதவு எல்லாவற்றிலும் கரண்ட் வரும். எர்த் போட்டாயா? 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வைத்தாயா? "எலக்ட்ரீஷியன் பாத்துக்குவாரு சார்" என்றாய். அது பதில் இல்லை. 2016 டிசம்பர் 12 வர்தா புயல் நம் பக்கம் என்ன செய்தது என்று நீயும் பார்த்தவன்தானே? கேபினைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்காமல் செங்கல் மேல் உட்காரவைப்பது என்ன தைரியம்?

கணக்கும் போட்டுப் பார். 200 சதுர அடியில் எட்டுப் பேர். ஆளுக்கு 25 சதுர அடி. ஒரு பாய் விரித்தால் இடம் தீர்ந்தது. உருக்காலையில் இரவெல்லாம் உலை முன்னால் நின்றவன் எப்போது தூங்குவான்? பகலில். அக்னி நட்சத்திரத்து நடுப்பகலில், தகரப் பெட்டிக்குள்.

"அவங்க ஊர்ல இதுகூட இல்ல சார்" என்றாய். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. நம் பிள்ளைகள் வளைகுடாவில் லேபர் கேம்ப்பில் கிடந்தபோது அங்கிருந்தவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். வெளிமாநிலத் தொழிலாளிக்குத் தகுந்த தங்குமிடம் தரவேண்டும் என்று 1979லேயே மத்திய அரசு சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தில் கடமை ஒப்பந்தக்காரருக்குத்தான் இருந்தது, எனக்கில்லை என்று நீ தப்பிக்கலாம். வாடகை வாங்கும் கைக்கு மனசாட்சி வேண்டாமா?

தொழிற்சாலையில் செய்த வீடு என்றாலே மட்டம் என்பதும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் சுமார் ஒன்றரை லட்சம் வீடுகளை அப்படித்தான் செய்து நிறுத்தினார்கள். பத்து வருடத்துக்கென்று செய்தவற்றில் சிலவற்றில் ஐம்பது வருடம் தாண்டியும் குடியிருந்தார்கள். நம் பெரும்பாக்கத்தில் முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களால் கட்டிய 1,152 வீடுகள் 2022இல் திறக்கப்பட்டன. அவற்றையெல்லாம் குடும்பம் வாழ்வதற்கென்று யோசித்துச் செய்தார்கள். நீ வாங்கியிருப்பது சைட் ஆபீஸாக இருந்த பெட்டி. அதை வீடாக்கும் வேலை இனிமேல்தான் இருக்கிறது.

பலகையைக் கழற்று. துருவை வெட்டி எறிந்து புதுச் சட்டம் வெல்டிங் செய். வெப்பத்தடுப்பை மாற்று. கூரைக்கு மேல் ஒரு அடி இடைவெளி விட்டு இன்னொரு கூரை போடு. எதிரெதிரே ஜன்னல் வை. எட்டை நான்காக்கு. லாபம் குறையும், குறையட்டும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு மே மாத மதியம் ஒன்றிலிருந்து நான்கு மணி வரை அதற்குள் நீ படுத்துத் தூங்கு. தூக்கம் வந்தால் எனக்குப் போன் செய். விளக்கேற்ற நானே பஸ் பிடித்து வருகிறேன்.

கோபம் இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.