பனியன் நாள்

திருமுருகன்பூண்டியில் எத்தெருவில் நின்றாலும் காதில் விழும் சொல் பனியன். தந்தை பனியன் கம்பெனியில் கட்டிங், தாய் செக்கிங், மூத்த மகன் ஓவர்லாக். அச்சொல்லின் பிறப்பை வினவுவார் இல்லை. அதனுள் ஓர் உடை மட்டுமன்று, ஒரு மனிதனும் ஒரு மரமும் ஒரு பரிகாசமும் அடங்கியுள்ளன என்றால் வாசகர் வியப்பர்.

மனிதனே முதலில் வந்தவன். குஜராத்தியில் வணிகனை ‘வாணியோ’ என்பர். நம் ‘வணிகன்’ அதன் உறவினனே. போர்ச்சுக்கீசியர் நாவில் அது ‘பனியன்’ எனத் திரிய, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். பாரசீகக் கரையில் பந்தர் அப்பாஸ் அருகே அவ்வணிகர் கூடி வழிபட்ட ஆலமரத்தை ஐரோப்பியர் ‘பனியன் மரம்’ என்றனர். ஆலுக்கு ஆங்கிலத்தில் அதுவே பெயராயிற்று.

அவ்வணிகர் புலால் உண்ணார். ஆங்கில மாலுமிகளுக்கு இது நகைப்பாயிற்று. அவர்தம் கடற்படையில் முற்காலத்தில் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் இறைச்சி வழங்கப்படவில்லை. ஓட்ஸ் கஞ்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி போன்றவையே கிடைத்தன. அந்நாட்களுக்கு அவர்கள் இட்ட கொச்சைப் பெயர் ‘பனியன் நாள்’. ஒரு மக்களின் நோன்பு இங்ஙனம் பிறர் வாயில் ஏளனச் சொல்லாயிற்று. வெள்ளிதோறும் சுத்தபோசனம் காக்கும் நம் குடும்பத்தார் ஒன்றை நோக்குக: வணிகன் இறைச்சியைத் தானே விலக்கினான், மாலுமிக்கோ அது தரப்படவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கொண்டது அவன் பிழை. (ஆயினும் பசித்தவன் கேலியைப் பெரிதாகக் கண்டிக்க எமக்கு மனம் வரவில்லை.) இன்றோ அதே கடற்படையில் அச்சொல் தலைகீழாகிவிட்டது; கரையிறங்கி இறைச்சி சுட்டுண்டு களிக்கும் பொழுதுக்கே ‘பனியன்’ என்று பெயர்!

இனி உடைக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டில் கீழைநாட்டுத் தளர்ந்த அங்கி இலண்டன் மாந்தரைக் கவர்ந்தது. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ், 1666இல் தம்மை ஓவியமாகத் தீட்டுவதற்கென்றே இந்திய அங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்தார். இத்தகைய அங்கியும் பனியன் எனப்பட்டது. பின்னர் இந்நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் மெல்லிய உள்ளாடைக்கும் அப்பெயரை வழங்கினர். யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, நெகிழ்ந்துகொடுக்கும் பின்னல் உள்ளாடையே அந்நாளில் அப்பெயர் பெற்றிருந்ததைக் குறிக்கிறது. பர்னல் நம் தஞ்சையில் நீதிபதியாயிருந்தவர்; நூல் வெளிவருமுன், 1882இல், காலமானார்.

ஆக, 1920களில் திருப்பூரில் பின்னல் எந்திரங்கள் சுழலத் தொடங்கியபோது பெயர் ஆயத்தமாகக் காத்திருந்தது. இன்று இங்கிருந்து கப்பலேறும் ஆடைகளை வாங்குவோர் டி-சர்ட் என்பர். அவற்றை வெட்டித் தைத்து மடித்து அடுக்கும் நம்மவர் வேலைக்குப் புறப்படுவதோ இன்றும் பனியன் கம்பெனிக்குத்தான்.