மனநலச் சிகிச்சைக்கான ஒப்புதலைத் தமிழில் விளக்கிப் பெறக் கோரும் மனு

பெறுநர்: மாநிலச் சுகாதார அதிகாரிகள், மலாக்கா
அனுப்புநர்: செயலாளர், தோட்டக் குடியிருப்பாளர் சங்கம், ஜாசின் மாவட்டம்
பார்வை: இதே பொருளில் முன்பு அனுப்பிய எங்கள் கடிதங்கள்



புக்கிட் அசகான், செர்காம், மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களிலும், அங்கிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த வீடுகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம்.

எங்கள் கடிதங்களுக்கு எழுத்தில் விடை வராததால் எழுதியதையே மீண்டும் எழுத வேண்டியுள்ளது. முதல் கடிதத்தில், ரப்பர் மரத்தில் பால்வெட்டியே முதுமை கண்ட ஓர் அம்மாவைப் பற்றித் தெரிவித்திருந்தோம். கடைத்தெருவுக்கும் பேருந்துக்கும் போதுமான மலாய்தான் அவருக்குத் தெரியும். மின் அதிர்வுச் சிகிச்சை எதற்காக, அதனால் சில காலம் நினைவு மங்கலாமா என்று கேட்டறிய அந்த மலாய் போதாது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார், பிறகு பேசாமல் இருந்துவிட்டார். அந்த மௌனம் முடிவெடுக்கும் திறனில்லாமையாகக் கொள்ளப்பட்டு, மகனிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. தன் உடம்புக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று அவரிடம் தமிழில் ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த கடிதம் களைக்கொல்லி குடித்துப் பிழைத்த ஒரு தகப்பனாரைப் பற்றியது. மருத்துவர் கேட்டதைத் தமிழில் சொல்ல அழைக்கப்பட்டவள் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அவர் மகள். "ஏன் சாக நினைத்தீர்கள்?" என்ற கேள்வியை அந்தப் பிள்ளை தன் வாயால் அப்பாவிடம் கேட்க நேர்ந்தது. கடனையும் வீட்டுச் சண்டையையும் அவர் மகளிடம் எப்படிச் சொல்வார்? "ஒன்றுமில்லை" என்றார். அதுவே கோப்பில் ஏறியது.

2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 77ஆம் பிரிவை ஒவ்வொரு கடிதத்திலும் சுட்டியிருக்கிறோம். அறுவைச் சிகிச்சைக்கும் மின் அதிர்வுச் சிகிச்சைக்கும் முதலில் நோயாளியின் ஒப்புதலையே பெற வேண்டும் என்கிறது அப்பிரிவு. ஒப்புதல் தரும் திறன் அவருக்கு இல்லையென மனநல மருத்துவர் மதிப்பிட்ட பிறகே உறவினரிடம் போகலாம். அந்த மதிப்பீட்டில் பார்க்க வேண்டியவற்றையும் சட்டமே சொல்கிறது: தன் நோய் நிலை, சிகிச்சையின் தன்மையும் நோக்கமும், செய்துகொண்டால் வரும் ஆபத்து, செய்யாவிட்டால் வரும் ஆபத்து ஆகியவை அவருக்கு விளங்குகின்றனவா, நோய் அவருடைய திறனைப் பாதித்திருக்கிறதா என்பவை. மலாய் தெரியுமா என்பது இதில் எங்கும் இல்லை. விளங்காத மொழியில் சொல்லிவிட்டு, விளங்கவில்லை என்று குறிப்பது 77ஆம் பிரிவின்படி மதிப்பீடே ஆகாது. அப்படி நிகழ்ந்த இடத்தில் மகன் இட்ட கையெழுத்துக்கும் சட்ட வலு இல்லை என்பதே எங்கள் உறுதியான நிலை.

தமிழ் தெரிந்த ஊழியர் யாராவது இருப்பார் என்று ஒருமுறை வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. வார்டு பெருக்க வந்தவரை நிறுத்தி ஒருவரின் மன ரகசியத்தை மொழிபெயர்க்கச் சொல்வதை நாங்கள் ஏற்க முடியாது. அந்த ஊழியர் நோயாளியின் பக்கத்து லயத்து வீட்டுக்காரராகவும் இருக்கக்கூடும். தோட்ட மருந்தகத்தில் தமிழ் பேசும் மருத்துவ உதவியாளர் (டிரசர்) இருந்த காலத்தில் எங்கள் பெரியவர்களுக்கு இந்த அவலம் நேர்ந்ததில்லை.

ஆகவே மலாக்கா, ஜாசின், அலோர் காஜா மருத்துவமனைகளில் ரகசியம் காக்கக் கடமைப்பட்ட, பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை நியமிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரையும் மனநல விசாரிப்பில் மொழிபெயர்க்க வைக்கக் கூடாதென எழுத்தில் ஆணையிட வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டியவரின் பெயரும் நேரமும் அப்படிவத்திலேயே பதியப்பட வேண்டும்.

மேலும் கோருவன:

அ. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டதைக் கிளினிக்குகளில் தமிழில் அறிவித்தல். போலீசுக்குப் பயந்து "தவறிக் குடித்துவிட்டார்" என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் உள்ளன.

ஆ. 15555 என்ற மனநல உதவி எண்ணைத் தோட்டங்களில் தமிழில் ஒட்டுதல்.

இ. மருந்து உறைகளில் வேளையும் அளவும் தமிழில் குறித்தல்.

இவற்றுக்கு எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறோம். வாய்மொழி உறுதியை எங்கள் உறுப்பினர்கள் இனி ஏற்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்