பெட்டியில் கறிவேப்பிலை வேண்டாமே

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது, புடவை மடிப்புக்குள் கறிவேப்பிலையை ஒளித்துக் கொண்டுபோவதைச் சிலர் சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கறிவேப்பிலையும் எலுமிச்சை, ஆரஞ்சு, வில்வம் எல்லாம் ஒரே குடும்பம். ஆரஞ்சு மரங்களை அழிக்கும் ஒரு நோயைப் பரப்பும் சிறு பூச்சி, கறிவேப்பிலைக் கொழுந்திலும் முட்டையிடும். அந்த நோய் கறிவேப்பிலையை ஒன்றும் செய்யாது. ஆனால் இலையோடு போகும் பூச்சி அங்குள்ள ஆரஞ்சு மரத்துக்குத் தாவிவிடும். ஃபுளோரிடாவில் 2005-இல் அந்த நோய் தென்பட்டது. பிறகு தோப்புத் தோப்பாகப் போய்விட்டன. நோய் வந்த மரத்தைக் குணமாக்க வழியில்லை. அதனால்தான் பயணிகள் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவர அங்கே தடை.

சாம்பாரில் வாசனை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். சாப்பிடும்போது நாமே ஒதுக்கி வைக்கும் இலைக்காக இன்னொரு விவசாயியின் பிழைப்பு கெட வேண்டாம்.