ஓய்ந்த போரும் ஓயாத உள்ளமும்

போர் முடிந்தது என்ற செய்தி இனியதே. ஆயினும், அதைக் கேட்ட உள்ளங்கள் யாவும் ஒரே வகையாகவா துடித்தன?

2009ஆம் ஆண்டு மே மாதம் நம் நாட்டின் நெடும்போர் முடிவுற்றபோது, தென்னிலங்கைத் தெருக்களிலே சீனவெடி முழங்கிற்று, பாற்சோறு பகிரப்பட்டது. அவ்வேளையில், முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியோர் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமிலே தண்ணீருக்கு வரிசையில் நின்றனர். அவர்களுக்கும் ஓர் ஆறுதல் இருந்தது. இனி எறிகணை விழாது; பதுங்குகுழிக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால், அந்த ஆறுதலே முள்ளாகவும் தைத்தது. பிள்ளையை இழந்த தாய், தான் அச்சமின்றி உறங்கிய முதல் இரவுக்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தம் தமிழ் நூலுக்கு 'மனவடு' என்று பெயரிட்டார். புண் ஆறினால் வடு எஞ்சும். ஆறாத புண்ணுக்கு என்ன பெயரிடுவது?

இறப்பு நேர்ந்த வீட்டிலே எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று நம் முன்னோர் துயரத்துக்குக் கரை கட்டினர். காணாமல் ஆக்கப்பட்டவனின் வீட்டுக்கு அக்கரை இல்லை. திவசம் கொடுத்தால், மகன் மாண்டான் என்று தாயே கையொப்பமிட்டது போலாகும். கொடாவிட்டால் துயரத்துக்கு முடிவில்லை. மனைவியோ நாள்தோறும் கண்ணாடி முன் குங்குமச் சிமிழுடன் தயங்கி நிற்கிறாள். 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சித் தாய்மார் படங்களை ஏந்தி வீதியோரத்தில் அமர்ந்தது, இந்த நிலைக்கு விடை வேண்டியே அன்றோ?

அவ்விடையை நம்மால் அளிக்க இயலாது. ஆயினும், நம் வீடுகளில் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தீபாவளி வெடிக்கு அம்மம்மா திடுக்கிட்டால் சிரிக்காதீர்கள். அருகிற் சென்று கையைப் பற்றிக்கொள்ளுங்கள். "முடிந்ததை மறந்துவிடுங்கள்" என்று பெரியவர்கள் கூறுவதும் ஆறுதலாகாது. மறக்கச் சொல்வது, இழந்தவரை மீண்டும் ஒருமுறை இழக்கச் சொல்வதாகும்.

அந்நாளிற் பிறந்திராத மாணவ மணிகளே! சுவரிலுள்ள படத்தைக் காட்டி, "இவர் யார், அம்மம்மா?" என்று கேளுங்கள். அவர் அழக்கூடும், அழட்டும். அப்பெயரை உரக்கச் சொல்ல, அவர் ஆண்டுக்கணக்காக ஒரு செவிக்குக் காத்திருந்திருக்கலாம்.