பாடமா, படமா?

திருச்சுழி வட்டாரத்தில் இன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் புத்தகமும் இருக்கிறது, செல்போனும் இருக்கிறது. பெற்றோர் மனதில் ஒரு கேள்வியும் இருக்கிறது.

"போனைப் பார்த்துப் பையனுக்கு அறிவு வளர்கிறதா? அல்லது இருக்கிற படிப்பும் கெடுகிறதா?"

"இரண்டும்தான்" என்று சொல்லி நழுவிவிடலாம். அதில் பெற்றோருக்கு என்ன பிரயோஜனம்?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம்.

2018-ம் ஆண்டு தமிழ்நாட்டில் புதிய பாடப்புத்தகங்கள் வந்தன. பாடத்தின் ஓரத்தில், கறுப்புப் புள்ளிகள் நிறைந்த ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதுதான் கியூ.ஆர். கோடு. அதன் எதிரே போனைப் பிடித்தால் பாடம் படமாக ஓடும். இருதயம் எப்படித் துடிக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

தகப்பனார் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார். தாயார் பருத்தி எடுக்கப் போகிறார். பையனுக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பான்? அருப்புக்கோட்டைக்குப் போய் டியூஷன் படிக்கப் பணம் ஏது? அந்த வீட்டுக்கு இன்டர்நெட் ஒரு வாத்தியார். இதை மறுக்க முடியாது.

திரும்பிப் போகாத போன்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் கதவு திறந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல், கல்வித் தொலைக்காட்சியும் போனும்தான் பள்ளிக்கூடம்! "போனைத் தொடாதே" என்று அதட்டிய பெற்றோரே, கடன்பட்டுப் போன் வாங்கிக் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். போன் திரும்பிப் போகவில்லை. பாடத்துக்காக வந்தது, படத்துக்காகத் தங்கிவிட்டது!

ஒரு வீடியோ முடிந்ததும், பையன் கேட்காமலேயே அடுத்தது தொடங்குகிறது. ஏன்? அவன் பார்க்கும் நேரம் கூடக் கூட விளம்பரமும் கூடும். விளம்பரம் கூடினால் கம்பெனிக்குப் பணம் கூடும். சினிமாக் கொட்டகையில்கூடப் படம் முடிந்தால் "வணக்கம்" போட்டு, விளக்கை ஏற்றி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே விளக்கை ஏற்ற ஆள் கிடையாது.

போனில் மணி அடித்து மாணவனின் கவனம் சிதறினால், மறுபடி பாடத்தில் மனம் ஊன்ற 20 நிமிஷம்கூட ஆகலாம் என்று யுனெஸ்கோ நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பாட வேளையே முக்கால் மணி நேரம்தான். இரண்டு தடவை மணி அடித்தால் பாடம் போயே போச்சு!

அதே வருஷம், பல மாநிலங்களில் கிராமத்துப் பிள்ளைகளிடம் 'ஏசர்' என்ற கணக்கெடுப்பு நடந்தது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களில், நூற்றுக்குச் சுமார் 90 பேருக்குப் போனை உபயோகிக்கத் தெரிந்திருந்தது. ஆனால், சுமார் 25 பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தாய்மொழியில் தடங்கல் இல்லாமல் படிக்கத் தெரியவில்லை.

பிளஸ் 2 தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் முதல் வரிசைக்கு வந்தது, இன்டர்நெட் வீட்டுக்கு வருவதற்கு முன்பே என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

தாயார் கேட்க வேண்டிய கேள்வி

கரிசல் காட்டு ஜனங்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியது இல்லை. மழை பெய்தால் மட்டும் போதாது. கண்மாயில் தேங்க வேண்டும். இன்டர்நெட்டில் அறிவு மழையாகத்தான் கொட்டுகிறது. நோட்டில் எழுதாமல், மனதில் நிறுத்தாமல் விட்டால், அது குண்டாற்று வெள்ளம்போல ஓடிவிடும்.

ஆகவே, எங்கள் அபிப்பிராயம் இதுதான். போனைப் பிடுங்க வேண்டாம். போனை எடுக்கும்போது பையன் மனதில் ஒரு கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். கேள்வியோடு போகிறவன் விடையோடு வருவான். கேள்வி இல்லாமல் போகிறவன் எப்போது வருவான் என்று யாருக்குத் தெரியும்?

இதைக் கவனிக்கப் பெற்றோருக்குப் படிப்புகூட வேண்டியது இல்லை. "என்னப்பா தேடப் போறே?" என்று முதலில் கேளுங்கள். அரை மணி நேரம் கழித்து, "என்ன தெரிஞ்சுக்கிட்டே? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். தாயாருக்கு விளங்கும்படி பையனால் சொல்ல முடிந்தால், அவன் படித்திருக்கிறான். விழித்தால், படம் பார்த்திருக்கிறான்!

பெண் பிள்ளைகளின் விஷயம் வேறு. போனை உபயோகிக்கத் தெரிந்த பையன்களில் நூற்றுக்குச் சுமார் 44 பேரிடம் சொந்த போன் இருக்கிறது. பெண்களில் 20 பேரிடம்தான் என்று அதே கணக்கு சொல்கிறது. அண்ணன் விளையாடி முடித்து, சார்ஜ் தீரும் நேரத்தில்தான் தங்கச்சி கைக்குப் போன் வருகிறது. அவள் எதைத் தேடுவாள்?

இதற்குச் சர்க்கார்தான் வழி செய்ய வேண்டும். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, 1948-ல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம். அந்தச் சட்டத்தால் ஊர் ஊராக நூலகம் வந்தது. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரத்தில் உள்ள கிராம நூலகம் ஒவ்வொன்றிலும், பள்ளிக்கூடம் விட்ட பிறகு இரண்டு மணி நேரம், இன்டர்நெட்டோடு நாலு கம்ப்யூட்டர் வேண்டும். பக்கத்தில் நூலகர் இருக்க வேண்டும். அதில் இரண்டைப் பெண் பிள்ளைகளுக்கு என்றே ஒதுக்க வேண்டும்.